மேற்கு வெயில் தின்ற விளக்கு

எங்கள் ஸ்விஃப்ட் காரின் இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றுபோல மங்கவில்லை. இடது பக்க விளக்கில் லேசான வெண்மை மட்டும் படர்ந்திருந்தது. வலது பக்க விளக்கோ நல்ல மஞ்சளாகி, மேல் விளிம்பில் செதில் செதிலாக உரியத் தொடங்கியிருந்தது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவைப் பார்த்தவர்களுக்கு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மேற்குப் பார்த்த வீடு. வண்டியை உள்ளே ஏற்ற இடம் கிடையாது. வாசலை ஒட்டித் தெற்கு முகமாகத்தான் நிறுத்தியாக வேண்டும். காலை வெயிலை வீடே மறைத்துவிடும். மத்தியானத்துக்கு மேல் அடிக்கிற வெயில் முழுவதையும் வலது பக்கம்தான் வாங்கிக்கொள்ளும். 2008ஆம் வருஷத்து வண்டி. அத்தனை கோடையும் அந்த ஒரு விளக்கின் மேல் இறங்கியிருந்தது.

வீட்டுக்கு வருகிறவர்கள் அதை அழகுக் குறைவாகத்தான் பார்த்தார்கள். "வண்டிக்கு வயசாயிட்டு" என்பார்கள். ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். அம்பாசமுத்திரத்து அத்தான் பற்பசையைத் தடவித் துணியால் தேய்க்கச் சொன்னார். பற்பசையில் பல்லைத் தேய்ப்பதற்கென்றே நுண்ணிய பொடி கலந்திருக்கிறது, அது மேல் மங்கலைக் கொஞ்சம் எடுக்கத்தான் செய்யும். எடுத்த சில வாரங்களில் பழைய நிறமே திரும்பிவிடும். ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், "கண்ணாடி கிடக்கட்டும் சார், 100/90 பல்பு போட்டுருங்க, பகல் மாதிரி இருக்கும்" என்றார்கள். எங்கள் வண்டிக்கு உரியது 60/55 வாட் எச்4 பல்பு. கூடுதல் வாட் என்றால் கூடுதல் சூடு. ஒயரும் ஹோல்டரும் அந்தச் சூட்டுக்குச் செய்யப்பட்டவை அல்ல. அதைவிட முக்கியம், மங்கிய கண்ணாடிக்குப் பின்னால் எவ்வளவு வெளிச்சத்தைக் கூட்டினாலும் அதில் பெரும்பங்கு ரோட்டுக்குப் போகாமல் நாலா பக்கமும் சிதறும். சிதறுகிற வெளிச்சம் எதிரே வருகிறவர் கண்ணில் போய் விழும். இதே காரணத்துக்காகத்தான் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டச் சொல்லிப் போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பதில் அவ்வளவு அக்கறை காட்டிய ஊரில், அதே கூச்சத்தை உண்டாக்குகிற மங்கல் கண்ணாடியை யாரும் பொருட்படுத்துவதில்லை.

எனக்கு இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமாக இல்லாமல் போனது ஒரு தை மாதத்து ராத்திரியில். அம்மாவைத் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். தைப்பூசத்துக்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. திருச்செந்தூர் ரோட்டை அறிந்தவர்களுக்கு அந்த நாட்கள் எப்படி இருக்கும் என்று தெரியும். பகலில் வெயில் தாளாது என்று பாதயாத்திரைக்காரர்கள் இரவில்தான் அதிகம் நடப்பார்கள். பச்சை வேட்டி, பச்சைச் சேலை, தோளில் பை, சிலர் தோளில் காவடி, சின்னப் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிற தாய்மார்கள். குரும்பூர் தாண்டினால் தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி என்று தாமிரபரணிப் பாசனத்து வயலும் வாழைத் தோட்டமும் ரோட்டின் இரண்டு பக்கமும் நெருங்கி வரும். ஊருக்கு ஊர் தெருவிளக்கு உண்டு. இடையில் கிடக்கிற இருட்டு நல்ல இருட்டு.

மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். முன்னால் ரோடு காலியாகக் கிடந்ததாகவே தெரிந்தது. எதிரே ஒரு பஸ் வளைவு திரும்பியது. அதன் வெளிச்சத்தில், எனக்கு முன்னால் என் பக்கத்து ஓரத்தில், வரிசையாக ஆட்கள் கறுப்பாகத் தெரிந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் இருக்கும். அவர்கள் அங்கே நடந்து வருகிறார்கள் என்பதை எனக்குக் காட்டியது என் வண்டி விளக்கு அல்ல, எதிரே வந்த பஸ்ஸின் விளக்கு. பஸ் கடந்ததும் அவர்கள் மறுபடியும் இருட்டுக்குள் போய்விட்டார்கள். பக்கத்தில் வந்தபின்தான் என் வெளிச்சத்தில் பச்சை நிறம் தெரிந்தது. அம்மா முன் சீட்டில் இருந்தாள். "ஏய்யா, லைட்டு போட்டிருக்கியா இல்லியா? ஆளு நடக்காவல்லா" என்றாள்.

அவர்களில் பலருடைய பையின் முன்புறம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பூச நாட்களில் ரோட்டோரம் நின்று நடப்பவர்களின் பையில் அதை ஒட்டி அனுப்பும் போலீஸ்காரர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல காரியம். அந்த ஸ்டிக்கருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. தன் மேல் விழுகிற வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. வண்டியிலிருந்து போனால்தான் அங்கிருந்து வரும். என் வண்டியிலிருந்து போகவில்லை. நடந்தவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்திருந்தார்கள். மீதி ஓட்டுகிறவன் பக்கம் இருந்தது. ஸ்ரீவைகுண்டம் விலக்கைத் தாண்டும்போதே முடிவுசெய்துவிட்டேன், இந்த விளக்கைச் சரிசெய்யாமல் இனி ராத்திரியில் வண்டி எடுப்பதில்லை என்று.

மாமாவின் அம்பாசடரை நினைத்துக்கொண்டேன். உருண்டையான இரண்டு விளக்குகள், கனத்த கண்ணாடி. மாமா பழைய பேப்பரை நனைத்துத் துடைப்பார், அவ்வளவுதான் பராமரிப்பு. கல் பட்டு உடைந்தால் உண்டு, மங்கினதாக ஞாபகம் இல்லை. அந்தக் கண்ணாடியில் வரிவரியாக அச்சு வார்த்திருப்பார்கள். வெளிச்சத்தை எங்கே பரப்ப வேண்டும் என்று தீர்மானித்தவை அந்த வரிகள்தான். இப்போதைய வண்டிகளில் அந்த வேலையைப் பின்னால் இருக்கிற ரிஃப்ளெக்டர் செய்துவிடுகிறது. முன்னால் இருப்பது வழவழப்பான, தெளிவான ஒரு மூடி மட்டும். மூடி தெளிவாக இருக்கிற வரைக்கும்தான் ரிஃப்ளெக்டரின் கணக்குப் பலிக்கும்.

அந்த மூடி பாலிகார்பனேட். 1953இல் ஜெர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஹெர்மன் ஷ்னெல், அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் டேனியல் ஃபாக்ஸ் என்று இரண்டு பேர், ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே, ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண்டுபிடித்த பிளாஸ்டிக். சுத்தியலால் அடித்தாலும் சுலபத்தில் உடையாது. கண்ணாடியைவிடப் பாதி எடைதான் இருக்கும். எந்த வடிவத்துக்கும் வளைந்துகொடுக்கும். நம் வண்டிகளின் முகம் இன்றைக்கு இத்தனை விதமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. எளிதில் கீறும் அளவுக்கு மேல்பரப்பு மென்மையானது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அதன் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து மஞ்சளாகும். அதனால்தான் தொழிற்சாலையிலேயே மேலே ஒரு கடினமான பூச்சுப் பூசி அனுப்புகிறார்கள். வண்டி புதிதாக இருக்கும்போது நாம் பார்க்கிற தெளிவெல்லாம் அந்தப் பூச்சின் புண்ணியம். மணலும் வெயிலும் சேர்ந்து அதைத் தின்று தீர்த்தபின் பிளாஸ்டிக் நேரடியாக வெயிலில் நிற்கிறது.

இதையெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். முதலில் சொல்லித் தந்தவர் தச்சநல்லூர்ப் பக்கம் பட்டறை வைத்திருந்த பெயின்டர் அண்ணாச்சி. வண்டியைப் பார்த்ததும் அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த வாளியில் கையை முக்கி, இரண்டு விளக்கின் மேலும் தண்ணீரைத் தெளித்தார். தண்ணீர் வழிந்த இடமெல்லாம் மங்கல் மறைந்து, உள்ளே ரிஃப்ளெக்டர் பளிச்சென்று தெரிந்தது. காயக் காயத் திரும்பவும் மூடிக்கொண்டது.

"பாத்தியளா? உள்ள ஒண்ணும் இல்ல, எல்லாம் வெளியில உள்ள கோளாறுதான்" என்றார். "இது அழுக்கு இல்ல தம்பி. மேல்தோலு போயிட்டு. சும்மா பாலிஷ் போட்டா பளபளன்னு ஆகும். வெயிலு மறுபடி சதையிலதான் விழும்."

தண்ணீர் செய்த அந்த வித்தைக்குக் காரணம் எளிது. மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொரு கீறலிலும் காற்று உட்கார்ந்திருக்கிறது. பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண் 1.58, காற்றின் எண் 1. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் கீறலின் ஓரத்தில் வெளிச்சம் திசைமாறிச் சிதறும். தண்ணீரின் எண் 1.33. கீறலுக்குள் தண்ணீர் புகுந்ததும் வித்தியாசம் குறைந்து, வெளிச்சம் நேராகப் போய்விடுகிறது. கிளியர் கோட் என்கிற நிறமற்ற பூச்சு இதையே நீண்ட காலத்துக்குச் செய்கிறது. தண்ணீர் தெளித்தும் தெளியாவிட்டால் கோளாறு உட்பக்கம் இருக்கிறது என்று அர்த்தம், வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை.

வேலையைத் தன் பட்டறையிலேயே முடித்துத் தருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நீங்களே செய்யலாம், பொறுமைதான் வேணும்" என்று, தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாளான வாட்டர் பேப்பர்களை எடுத்துக் கொடுத்தார். வலது பக்கத்துக்கு 400ஆம் நம்பரில் ஆரம்பிக்க வேண்டும், இடது பக்கத்துக்கு 800 போதும். பிறகு இரண்டுக்கும் 1000, 1500. அதோடு நிறுத்திவிட வேண்டும். ரப்பிங் காம்பவுண்டு போடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். வழவழவென்று ஆக்கிவிட்டால் மேலே அடிக்கிற கோட்டுக்குப் பிடிப்பு இருக்காதாம். மங்கலாகத்தான் விட வேண்டும்.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் இந்த வேலைக்கு மாசி நல்ல மாதம். வெயில் இன்னும் முற்றியிருக்காது. ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றில் பூச்சு வேலையைத் தொடவே முடியாது, காய்வதற்குள் தெருப் புழுதி முழுவதும் வந்து ஒட்டிக்கொள்ளும். விளக்கைச் சுற்றிப் பம்பர், பானட், ஃபெண்டர் ஓரமெல்லாம் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டினேன். வாட்டர் பேப்பர் கை தவறி ஒரு தடவை பெயின்ட்டில் பட்டால் போதும், அந்தத் தடம் போகாது. ஒரு ஷாம்புப் பொட்டலத்தை வாளித் தண்ணீரில் கரைத்து, பேப்பரை அதில் ஊறப் போட்டுவிட்டு அம்மா தந்த காப்பியைக் குடித்தேன்.

400ஆம் நம்பர்ப் பேப்பரை வைத்த மாத்திரத்தில் மனம் துணுக்குறும். இருந்த கொஞ்சத் தெளிவும் போய், விளக்கு முழுக்க வெள்ளையாகிவிடும். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னய்யா இப்பிடி ஆயிட்டு" என்று பதறினாள். அப்படித்தான் ஆக வேண்டும். எடுக்க வேண்டியது மயிரிழைப் பருமன்கூட இல்லாத ஒரு மேலடுக்கு. வெயில் அரித்தது அவ்வளவு ஆழத்துக்குத்தான், அதற்குக் கீழே பிளாஸ்டிக் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த அடுக்கு முழுவதும் போக வேண்டும். பழைய பூச்சு திட்டுத் திட்டாக மிச்சமிருந்தால், புதுக் கோட்டுக்கு அடியில் அது தீவுதீவாகத் தெரியும்.

எவ்வளவு நேரம் தேய்ப்பது என்று அண்ணாச்சியிடம் கேட்டிருந்தேன். "மணிய பாக்காதிய, தண்ணிய பாருங்க" என்றார். முதலில் வழிகிற தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது. தேய்க்கத் தேய்க்க மஞ்சள் குறைந்து, ஒரு கட்டத்தில் வெள்ளைக் கரைசலாக மட்டும் வரும். வெயில் கெடுத்த பகுதி தீர்ந்து நல்ல பிளாஸ்டிக்கைத் தொட்டுவிட்டோம் என்பதற்கு அதுதான் அடையாளம். விரலுக்கும் அந்தச் சமயத்தில் வித்தியாசம் தெரியும். சரசரவென்று பிடித்திழுத்துக்கொண்டிருந்த பேப்பர் ஒரே சீராக வழுக்கிப் போகும்.

இன்னொன்றும் சொல்லியிருந்தார். பேப்பர் மாறும்போது தேய்க்கிற திசையும் மாற வேண்டும். 400 குறுக்குவாட்டில் என்றால் 800 மேலும் கீழுமாக, 1000 மறுபடி குறுக்காக. முந்தின பேப்பர் போட்ட கோடு எதிர்த்திசையில் ஒன்றாவது தென்படுகிற வரைக்கும் அடுத்த நம்பருக்குப் போகக் கூடாது. இடையிடையே தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்து, சாய்வாக நின்று பார்க்க வேண்டும். இந்த வேலையின் முழுச் சூட்சுமமும் இதற்குள் இருக்கிறது. 400இன் கோடு ஒன்றை விட்டுவைத்துக்கொண்டு 1500ஆல் மணிக்கணக்காகத் தேய்த்தாலும் அந்தக் கோடு போகாது. மின்சாரக் கருவிகளால் இதைக் கண நேரத்தில் செய்கிறார்கள். கையால் செய்வதில் எனக்கு நம்பிக்கை அதிகம். விளிம்பும் வளைவும் எங்கே மெலிந்திருக்கிறது என்று கைக்குத் தெரியும். சூடும் ஏறாது. பாலிகார்பனேட்டைச் சூடாக்கிவிட்டால் இளகித் தடம் விழுந்துவிடும்.

1500 முடிந்து உலர்ந்தபோது இரண்டு விளக்கும் ஒரே மாதிரியான, மென்மையான சாம்பல் வெண்மையில் இருந்தன. வெகு காலத்துக்குப் பிறகு வலதும் இடதும் ஒரே நிறம். தெருவில் போனவர்கள் நான் விளக்கைக் கெடுத்துவிட்டதாகவே நினைத்திருப்பார்கள். எனக்கோ அதைப் பார்க்கப் பார்க்கத் திருப்தியாக இருந்தது.

கோட் அடிப்பதற்கு முன் துடைக்கிற விஷயத்தில் அண்ணாச்சி கண்டிப்பாக இருந்தார். தின்னரோ பெட்ரோலோ கிட்டேயே வரக் கூடாது. பெயின்ட் கடையில் யாரைக் கேட்டாலும் தின்னரைத்தான் கையில் தருவார்கள். இரும்புக்கு அது சரி, பாலிகார்பனேட்டில் பட்டால் நுண்ணிய வெடிப்புகள் உள்ளுக்குள் ஓடி, விளக்கையே தூக்கிப் போட வேண்டியதாகிவிடும். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை நூல் உதிராத துணியில் நனைத்துத் துடைத்தேன்.

கிளியர் கோட்டில் இரண்டு வகை. ஒன்று தானாகக் காய்கிறது, எங்கள் ஊர் வெயிலுக்கு நிற்காது. மற்றது ஹார்டனர் சேர்த்து இறுகுகிறது, அதுதான் வேண்டும். ஹார்டனர் உள்ளேயே தனியாக அடைத்த ஸ்ப்ரே டின் கிடைக்கிறது. அடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் இரண்டும் உள்ளே கலந்துகொள்ளும். கலந்தபின் எடுத்து வைக்க முடியாது. டின்னை வாங்கும்போது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துதான் வாங்கினேன்.

அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடிய பொருள். அண்ணாச்சி இளம் வயதில் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு எத்தனையோ வண்டிகளுக்கு ஸ்ப்ரே அடித்தவர். இப்போது நான்கு வார்த்தை பேசினால் நெஞ்சில் விசில் கேட்கிறது. "எங்களுக்கு யாரும் சொல்லல தம்பி. நான் உங்களுக்குச் சொல்லுதேன்" என்று, கரி வடிகட்டி வைத்த மாஸ்க் இல்லாமல் டின்னைத் தொடக் கூடாது, திறந்த வெளியில்தான் அடிக்க வேண்டும், பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். அவர் கொடுத்த யோசனைகளில் எனக்கு மிகவும் பெரியதாகப் பட்டது இதுதான். கைக்குட்டை கட்டிக்கொண்டு இந்த வேலை செய்கிற இளைஞர்களை இன்றும் பட்டறைகளில் பார்க்கிறேன். பார்க்கிற இடத்தில் நின்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன்.

முதல் கோட் வெறும் தூவல்தான். பொட்டுப் பொட்டாக விழும். அது லேசாக ஒட்டும் பதத்துக்கு வந்ததும் இரண்டாவது கோட்டைக் கொஞ்சம் ஈரமாக அடிக்க வேண்டும். அந்த இரண்டாவது கோட் விழும்போது நடப்பதைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம். ஸ்ப்ரே போகிற பாதையில் வெண்மை அப்படியே விலகி, உள்ளே பல்பும் ரிஃப்ளெக்டரும் மடிப்பு மடிப்பாகத் தெரிய வருகின்றன. அண்ணாச்சி தண்ணீர் தெளித்தபோது சில வினாடிகள் தெரிந்த தெளிவு, இப்போது காயாமல் அங்கேயே நின்றது.

நன்றாக இறுகட்டும் என்று விட்டு, மறுநாள் ராத்திரி வண்டியை எதிர்ச் சுவருக்கு நேராக நிறுத்தி டிம் லைட்டைப் போட்டேன். இடது பக்கம் ஓட்டுகிற நம் ஊருக்கான விளக்கு சுவரில் ஒரு குறிப்பிட்ட உருவத்தைக் காட்ட வேண்டும். வலது பாதியில் படுக்கையான ஒரு கோடு, அதற்கு மேலே இருட்டு. எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருப்பதற்காக. இடது பாதியில் அந்தக் கோடு சற்றே மேல்நோக்கிச் சாய்ந்து ஏறும். ஓரத்தில் நடக்கிறவர்களைக் காட்டுவதற்காக. முன்பு இதே சுவரில் கோடும் கிடையாது, உருவமும் கிடையாது, ஒரு மஞ்சள் பூச்சு மட்டும் பரவியிருக்கும். இப்போது கோடு விழுந்தது. இடது பக்கம் ஏறுகிற அந்தச் சாய்வு, நடக்கிறவர்களுக்காகவே யாரோ கணக்குப் போட்டு வைத்த சாய்வு, சுவரில் தெளிவாகத் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆழ்வார்திருநகரி வரைக்கும் தெரியும்போல இருக்கு என்றாள்.

புது விளக்குக்கு இது சமம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ 2018இல் சோதித்துப் பார்த்து, மங்கி மஞ்சளான விளக்கு புதியதில் ஏறக்குறைய 20 சதவீத வெளிச்சத்தைத்தான் தருகிறது என்று கண்டது. தேய்த்துச் சரிசெய்தால் ஏறக்குறைய 70 சதவீதம் வரை மீள்கிறது. மீதியைப் புது விளக்குதான் தரும். வாங்க முடிகிறவர்கள் கம்பெனி விளக்கே வாங்கிவிடுவது நல்லது. முடியாதவர்களுக்கு இந்த வழி இருக்கிறது. 20க்கும் 70க்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் தை மாதத்துத் திருச்செந்தூர் ரோட்டில் எவ்வளவு பெரியது என்பது எனக்குத் தெரியும்.

தெருவில் சிலர் தங்கள் வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெரும்பாலானவர்களுக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும்படி வாட்டர் பேப்பர் நம்பர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அத்தானும் அக்காவும் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தபோது, அவருடைய வண்டியின் மேல் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தேன். மங்கல் அசையவில்லை. சீல் விட்டுப் போய் உள்ளே ஈரம் புகுந்து, ரிஃப்ளெக்டரின் பூச்சே கறுத்திருந்தது. "அப்பம் தேச்சா போவாதா மாப்ள?" என்றார். போகாது, இரண்டையும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றேன். செலவைக் கேட்டதும் அக்காவுக்கு முகம் மாறியது. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு ராத்திரியில்தானே பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்புவீர்கள், அதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள் என்று அவளிடமும் தனியாகச் சொன்னேன். அடுத்த வாரமே மாற்றிவிட்டார்கள்.